முகவரியில் சென்னை... பின்கோடில் 602! சிங்கப்பூர் தோழியோடு தண்டலத்தில் ஒரு ஞாயிறு

"சென்னையிலதான் இருக்கேன்" என்று யாராவது சொன்னால், அடுத்து ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்: "பின்கோடு என்ன?"

600-ல் ஆரம்பித்தால் நகரத்துக்குள்ளோ அதன் விளிம்பிலோ இருக்கிறார் என்று அர்த்தம். 602-ல் ஆரம்பித்தால், ஒரு தண்ணீர் பாட்டிலையும் கொஞ்சம் பொறுமையையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

தண்டலத்தின் பின்கோடு 602 105. இங்கே இருக்கும் பெரிய பொறியியல் கல்லூரிகள், மருத்துவக் கல்லூரி எல்லாவற்றின் முகவரியிலும் 'தண்டலம், சென்னை' என்றுதான் இருக்கும். ஆனால் வருவாய்த்துறைக் கணக்கில் இது காஞ்சிபுரம் மாவட்டம், ஸ்ரீபெரும்புதூர் வட்டம். போதாக்குறைக்கு, சென்னையைச் சுற்றித் தண்டலம் என்ற பெயரில் ஒரே ஓர் ஊர் இல்லை. திருப்போரூர் பக்கம் ஒன்று, பெரியபாளையம் பக்கம் ஒன்று என்று ஆளுக்கொரு திசையில் இருக்கின்றன. மேப்பில் வெறுமனே 'தண்டலம்' என்று தட்டினால் எங்கே கொண்டுபோய் விடும் என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

நாம் போகப்போவது பெங்களூரு நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில் இருக்கும் தண்டலத்துக்கு. கோயில், அருவி, பீச் எதையும் பார்க்க அல்ல. ஒரு தோழியைப் பார்க்க. கூட வருவது, சிங்கப்பூரிலிருந்து பத்து நாள் லீவில் வந்திருக்கும் இன்னொரு தோழி.

ஒரு பெஞ்ச், மூன்று ஊர்

நாங்கள் மூன்று பேரும் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கத்து அரசுப் பள்ளியில் ஒரே பெஞ்ச். பிளஸ் டூ முடிந்ததும் ஒருத்தி நர்ஸிங் படித்தாள். இப்போது சிங்கப்பூரில் முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ். இன்னொருத்தி டிகிரி முடித்துவிட்டுக் கம்பெனி வேலைக்குத் தண்டலம் வந்தாள். நான் ஜர்னலிசம் டிப்ளமோ படித்து, சென்னையில் டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்தப் பெஞ்சில் நாலாவதாக ஒருவர் உண்டு என்றால், அது தண்டலத்துத் தோழியின் அம்மா. காலையிலேயே கழனி வேலைக்குப் போகிறவர். ஆனாலும் மகளின் டிபன் பாக்ஸில் எப்போதும் மூன்று பேருக்கான சோறு இருக்கும். வேர்க்கடலைத் துவையலை உருட்டி, சோற்றுக்கு நடுவில் புதைத்து வைத்திருப்பார். சிங்கப்பூர்க்காரி ஹாஸ்டல் பிள்ளை. அவளுக்குப் பள்ளிக்கூட நாள்களில் வீட்டுச் சாப்பாடு என்றால் அந்த டப்பாதான்.

போன வருடம் புரட்டாசியில் அந்த அம்மா தவறிப்போனார். விடியற்காலையில் நெஞ்சு வலி. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. மதியம் மூன்று மணிக்குள் எடுத்துவிட்டார்கள். சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு விமானத்தில் சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து போளூருக்குச் சாலை வழியே இன்னொரு 4 மணி நேரத்துக்கும் மேல். அன்றைக்கே லீவும் டிக்கெட்டும் கிடைத்திருந்தாலும் அவளால் வந்து முகம் பார்த்திருக்க முடியாது. வீடியோ காலில்தான் பார்த்தாள்.

அதற்குப் பிறகு, தண்டலத்துத் தோழி மூன்று மாதம் அவளுடைய போனை எடுக்கவே இல்லை. ஒன்றிரண்டு வரியில் மெசேஜ் வரும். "ஷிஃப்ட்ல இருக்கேன்", "தூங்கறேன்", "அப்புறம் பேசறேன்." இரண்டு நாட்டுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இருவருக்குமே ஷிஃப்ட் வேலை. காரணம் சொல்ல அது போதுமானதாக இருந்தது. ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்று மூன்று பேருக்குமே தெரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாவுக்கு வர முடியாதவர்கள், எத்தனை மாதம் ஆனாலும் ஊருக்கு வந்ததும் முதல் வேலையாகத் துக்கம் கேட்கப் போக வேண்டும். கல்யாணத்துக்கு வராவிட்டாலும் மன்னித்துவிடுவார்கள். துக்கம் கேட்காவிட்டால் உறவே விட்டுப்போகும். ஆனால், ஊரில் அந்த வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். தம்பி காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். துக்கம் கேட்க வேண்டிய வீடு தண்டலத்தில் ஒரு வாடகை ரூமாக மாறியிருந்தது.

அதனால்தான் சனிக்கிழமை இரவு சென்னையில் இறங்கியவள், சொந்த ஊருக்கு பஸ் ஏறாமல் என் ஹாஸ்டலுக்கு வந்தாள். "முதல்ல அவளைப் பாக்கணும்டி. அப்புறம்தான் எங்க வீடு."

வடபழனியிலிருந்து 602-க்கு

ஞாயிற்றுக்கிழமை காலை வடபழனியில் பஸ் ஏறினோம். ஆற்காடு சாலை முழுக்க எங்களுக்கு இணையாக மெட்ரோ தூண்கள் வந்துகொண்டே இருந்தன. கலங்கரை விளக்கத்திலிருந்து கோடம்பாக்கம், வடபழனி, போரூர் வழியாகப் பூந்தமல்லி பைபாஸ் வரை போகும் சுமார் 26 கிலோமீட்டர் வழித்தடம் இது. அதையே ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை நீட்டிக்கும் திட்டமும் அரசிடம் இருக்கிறது. அது வந்தால், 602-க்காரர்கள் "சென்னையிலதான் இருக்கேன்" என்று சொல்வது முக்கால்வாசி உண்மையாகிவிடும்.

பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து. கண்டக்டர் கிழித்துக் கொடுத்த சீட்டை சிங்கப்பூர்க்காரி பர்ஸுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டாள். மடியில் ஒரு பை. அதை ரேக்கில் வைக்கச் சொன்னேன், மாட்டேன் என்றுவிட்டாள். வழியெல்லாம் அவள் கேட்டது ஒரே கேள்விதான்: "முதல்ல என்னடி பேசறது?"

பூந்தமல்லியில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் போகும் பஸ்ஸுக்கு மாறினோம். நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையைத் தாண்டியதும் காற்று மாறுகிறது. இடது பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி. முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு, மழைக்காலம் வந்தால் சென்னைக்காரர்கள் எல்லோரும் இந்த ஏரியின் நீர்மட்டத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். 600-க்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பங்கு இந்த ஏரியிலிருந்து போகிறது.

ஏரியைத் தாண்டினால் சாலையே ஒரு தொழிற்சாலை மாதிரிதான். கன்டெய்னர் லாரிகள், புத்தம்புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகும் நீளமான டிரெய்லர்கள், கண்ணாடியில் கம்பெனி பெயர் ஒட்டிய பஸ்கள். ஞாயிற்றுக்கிழமை என்பதால் கம்பெனி பஸ்கள் குறைவு என்றார் கண்டக்டர். எனக்கு அதுவே கூட்டமாகத்தான் தெரிந்தது.

தண்டலம் ஸ்டாப்பில் இறங்கியபோது மணி பத்து.

பத்து மணி என்பது அவளுக்கு நள்ளிரவு

தோழி முன்பே மெசேஜ் அனுப்பியிருந்தாள்: "சி ஷிஃப்ட் முடிஞ்சு வந்து படுப்பேன். 11:30-க்கு எழுப்புங்க. கீழ ஹவுஸ் ஓனர் அக்கா இருப்பாங்க."

இந்தச் சாலையில் நேரத்தைக் காலை, மாலை என்று யாரும் சொல்வதில்லை. ஏ, பி, சி என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் ஏ ஷிஃப்ட் காலை 6 மணிக்கு, பி ஷிஃப்ட் மதியம் 2 மணிக்கு, சி ஷிஃப்ட் இரவு 10 மணிக்குத் தொடங்கும். வாரத்துக்கு ஒரு முறை மாறும். ஒரே ரூமில் ஆறு பெண்கள் இருந்தால், எப்போது போனாலும் இரண்டு பேர் தூங்கிக்கொண்டு இருப்பார்கள். அதனால் அந்த வீட்டில் யாருமே சத்தமாகப் பேசுவதில்லை. காலிங் பெல்லுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

ஹவுஸ் ஓனர் அக்கா எங்களைத் திண்ணையில் உட்காரவைத்து, டீ கொடுத்தார். "அந்தப் பாப்பா இன்னும் தூங்குதும்மா. நீங்க சிங்கப்பூர்ல இருந்து வந்தவங்களா? சொல்லிக்கினே இருந்துச்சு."

அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். இந்தச் சாலையின் கதை முழுக்க அவரிடம் இருந்தது. அவர் கல்யாணமாகி வந்தபோது வீட்டுக்குப் பின்னால் நெல் வயல். 1996-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். 1998-ல் முதல் சான்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா. பிறகு ஒரகடம் பக்கம் 2010-ல் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. ஒவ்வொரு கம்பெனி வரும்போதும் இந்தத் தெருவில் ஒரு மாடி ஏறியிருக்கிறது.

"மேல் மாடி நோக்கியா பொண்ணுங்களுக்காகக் கட்டினதும்மா. எட்டுப் பொண்ணுங்க இருந்தாங்கோ. சம்பள நாளானா வீடே திருவிழாவா இருக்கும். அப்புறம் கம்பெனியை மூடிட்டாங்க."

நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களில் இளம் பெண்கள் ஏராளம். "ஒண்ணொண்ணா ரூமைக் காலி பண்ணிக்கினு போச்சுங்க. போகும்போது எல்லாம் என் கையைப் புடிச்சிக்கினு, 'வரேன்க்கா வரேன்க்கா'ன்னு சொல்லிச்சு. ஒரே ஒரு பொண்ணு மட்டும் பொங்கலுக்கு இன்னும் போன் பண்ணுது."

தெருவில் ஒரு நடை போய்வந்தோம். பெட்டிக்கடையில் இந்திப் பாட்டு. டீக்கடை போர்டில் தமிழோடு இந்தியும் இருக்கிறது. ஒடிசா, பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வந்த பையன்கள் நின்று டீ குடிக்கிறார்கள். நெடுஞ்சாலைப் பக்கம் போனால் கொரிய எழுத்தில் உணவகப் பலகைகள். கொரிய கம்பெனிகளில் வேலை பார்க்கும் இன்ஜினீயர்கள் அங்கே சாப்பிட வருவார்களாம்.

சிங்கப்பூர்க்காரி அந்தப் பலகையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "நாங்க தேக்கால தோசை தேடிப் போற மாதிரி, இவங்க ஸ்ரீபெரும்புதூர்ல கிம்ச்சி தேடி வர்றாங்க" என்றாள். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவைத் தமிழர்கள் தேக்கா என்றுதான் சொல்வார்கள். நமக்கு உள்ளூராக இருக்கும் இடம் இன்னொருவருக்கு வெளிநாடு. அவர்களும் லீவு கணக்குப் பார்த்து, ஊரில் இருக்கும் நண்பனுக்குப் போன் போடுகிறவர்கள்தான்.

"போனைப் புடிச்சிட்டு இருந்தது நான்தான்"

பதினொன்றரைக்கு மாடி ஏறினோம். தோழி எழுந்து முகம் கழுவியிருந்தாள். அறைக்குள் மூன்று இரும்புக் கட்டில்கள், ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு படுக்கைகள். ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு பெட்டி. அவளுடைய படுக்கையின் தலைமாட்டுச் சுவரில் அம்மாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, அதற்கு ஒரு பொட்டு.

வழியெல்லாம் "என்ன பேசறது" என்று கேட்டவள், எதுவும் பேசவில்லை. போய் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். துக்கம் கேட்க வரும் எங்கள் ஊர்ப் பெண்கள் குரலெடுத்து அழுவார்கள். இங்கே மேல் கட்டிலில் ஒரு பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். அதனால் இருவரும் சத்தமில்லாமல் அழுதார்கள்.

பிறகு மொட்டை மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்தோம். தண்டலத்துத் தோழிதான் ஆரம்பித்தாள்.

"ஒண்ணு சொல்லணும்டி. அன்னிக்கு வீடியோ கால்ல போனைப் புடிச்சிட்டு இருந்தது நான்தான்."

"தெரியும். உன் கை ஆடறது தெரிஞ்சுது."

"உனக்கு நல்லாத் தெரியணும்னு அம்மா மூஞ்சியைப் பாக்காம ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தேன். கால்மாட்டுக்குப் போனேன், தலைமாட்டுக்குப் போனேன். எடுத்துட்டுப் போனப்புறம்தான் தோணுச்சு... நானும் அம்மாவைக் கடைசியா போன்லதான் பாத்திருக்கேன்."

சிங்கப்பூர்க்காரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உன்மேல கோவம் இல்லடி. ஆனா உன் பேரு ஸ்கிரீன்ல வந்தாலே அந்த நாள் வந்துடுது. அதான் எடுக்கல."

"அப்பவே கட் பண்ணியிருக்கலாமே... நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேனே..."

"எப்படிக் கட் பண்றது? அம்மா உன்னையும் பொண்ணுன்னுதானே சொல்லும்."

கீழே நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு சிங்கப்பூர்க்காரி, பஸ்ஸில் மடியைவிட்டு இறக்காத அந்தப் பையைத் திறந்தாள். மைலோ பாக்கெட், சாக்லெட், ஒரு ஷால், கோடாலித் தைலம் இரண்டு பாட்டில்.

கோடாலித் தைலம், சிங்கப்பூரிலிருந்து யார் வந்தாலும் தமிழ்நாட்டு வீடுகளில் முதலில் கேட்கப்படும் பொருள். அந்த அம்மாவுக்கு முட்டி வலி. யாராவது அங்கிருந்து ஊருக்கு வந்தால், அவர்களிடம் இரண்டு பாட்டில் கொடுத்து அனுப்புவது இவள் வழக்கம். இந்த முறையும் கை தானாக இரண்டை எடுத்துவிட்டதாம். ஒன்றை வெளியே வைத்துவிட்டு, இன்னொன்றைத் திரும்பப் பைக்குள் போடப் போனாள்.

"அதையும் குடு" என்று வாங்கிக்கொண்டாள் தண்டலத்துத் தோழி. "லைன்ல எட்டு மணி நேரம் நிக்கறேன். இப்ப முட்டி வலி எனக்குத்தான்."

மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்புக்குத்தான் ஒரு வருடமாகக் காத்திருந்தோம் என்று தோன்றியது.

கறுப்புத் துணி ஜன்னல்கள்

மதியம் ரூமில் சமையல். ஒரு இண்டக்ஷன் அடுப்பு, ஒரு குக்கர், ஆறு பேருக்குப் பொதுவான மிக்ஸி. மிக்ஸியை மாடிப்படி லேண்டிங்கில் வைத்துத்தான் ஓட்ட வேண்டும், தூங்குகிறவர்களுக்காக. ஊரிலிருந்து தம்பி கொண்டுவந்த வேர்க்கடலையை வறுத்து, காய்ந்த மிளகாய், பூண்டு, புளி வைத்து அரைத்தோம். அம்மா கைப்பக்குவம் வரவில்லை. உப்புகூடக் கொஞ்சம் தூக்கல். ஆனாலும் சட்டி காலி.

சாப்பிடும்போது அவளுடைய வேலை பற்றிக் கேட்டேன். கான்ட்ராக்ட் இந்த வருடக் கடைசியில் முடிகிறது; புதுப்பிப்பார்களா என்று தெரியாது. சம்பளத்தில் தம்பி ஃபீஸ், ரூம் வாடகை போக, அம்மா வைத்தியத்துக்கு ஏற்கெனவே வாங்கிய நகைக் கடனுக்கு வட்டி. "ஓ.டி. கிடைச்சா மாசம் ஓடிடும். கிடைக்கலைன்னா தள்ளணும்."

இந்தச் சாலையில் வேலை பார்க்கும் இளம் பெண்கள் எப்படித் தங்குகிறார்கள் என்பது ஊர் முழுக்கப் பேசப்பட்ட விஷயம்தான். 2021 டிசம்பரில், ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதி ஒன்றில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுடைய தோழிகள் இதே நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அதற்குப் பிறகுதான் விடுதிகளின் நிலை பற்றி உலகம் முழுக்கச் செய்தி வந்தது. 2024 ஆகஸ்ட் 17 அன்று, வல்லம் வடகால் சிப்காட்டில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. செலவு 706.50 கோடி ரூபாய்.

"அங்க இடம் கிடைச்சா போவியா?" என்று கேட்டேன்.

"எங்க கம்பெனிக்கு அது இல்லடி. இருந்தாலும்... இந்த அக்கா மாதிரி ஆளு வேணும். அம்மா செத்து நான் திரும்பி வந்த அன்னிக்கு, கீழ கூப்பிட்டு ரசம் ஊத்திச் சோறு போட்டாங்க. ஒரு வார்த்தை கேக்கல. அது எந்தக் கட்டடத்துல கிடைக்கும்?"

சிங்கப்பூர்க்காரி, "நீயும் அங்க வந்துடேன், ஏதாவது வேலை பாக்கலாம்" என்றாள். தண்டலத்துத் தோழி தலையாட்டினாள். "தம்பி படிப்பு முடியட்டும். நானும் போயிட்டா, அவனுக்கு லீவுல வர ஒரு இடம் வேணும்ல?" அறையைச் சுற்றிப் பார்த்தேன். ஆறு படுக்கை, ஒரு போட்டோ. அவனை இதற்குள் தங்கவைக்க முடியாது. ஆனால் அவன் வந்தால், அக்கா வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொள்வானாம்.

சொல்லிக்கொள்ள ஒரு கோயில்

நான்கு மணிக்குக் கிளம்பினோம். துக்கம் கேட்ட வீட்டிலிருந்து "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. எழுந்து பேசாமல் வந்துவிட வேண்டும். வாசல்வரை வந்த சிங்கப்பூர்க்காரி தடுமாறினாள். நாளைக்கு ஊர், அடுத்த வாரம் ஃபிளைட். சொல்லாமல் எப்படிப் போவது?

அக்காதான் வழி சொன்னார். "வருஷ திதிதான் போன மாசமே முடிஞ்சிடுச்சே. மூணு பேரும் ஸ்ரீபெரும்புதூர் கோயிலுக்குப் போங்க. அங்க இருந்து சொல்லிக்கினு போம்மா."

ஸ்ரீபெரும்புதூர் என்றாலே நம் தலைமுறைக்கு இரண்டு விஷயம் ஞாபகம் வரும்: கார் கம்பெனி, 1991 மே 21. ஊருக்குள் போனால் வேறு ஒரு காலம் இருக்கிறது. 1017-ல் ராமானுஜர் பிறந்த ஊர் இது. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவருக்குத் தனிச் சந்நிதி. கம்பெனி ஐ.டி. கார்டைக் கழுத்திலிருந்து கழற்றாமலே சாமி கும்பிட வந்த பெண்கள் நாலைந்து பேரை அங்கே பார்த்தோம்.

ராமானுஜருக்கு மூன்று முக்கியத் திருமேனிகள் உண்டு என்பது வைணவ மரபு. ஸ்ரீரங்கத்தில் இருப்பது தானான திருமேனி. இங்கே ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது, அவரே பார்த்து மகிழ்ந்த தானுகந்த திருமேனி. மூன்றாவது, கர்நாடகத்தின் மேல்கோட்டையில் இருக்கும் தமருகந்த திருமேனி. ஊரைவிட்டுப் போய் மேல்கோட்டையில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், திரும்பக் கிளம்பியபோது அங்கிருந்த அடியார்களால் பிரிவைத் தாங்க முடியவில்லையாம். அவர்களுக்காக வடித்து வைக்கப்பட்டது அது என்று சொல்வார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்டலத்துத் தோழி என் காதில், "அந்தக் காலத்து வீடியோ கால்" என்றாள். சொல்லிவிட்டு அவளே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் எங்கள் பஸ் வந்தது. மறுநாள் அவளுக்கு ஏ ஷிஃப்ட். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். சிங்கப்பூர்க்காரி படியில் ஏறி நின்று, காலையிலிருந்து சொல்ல முடியாததைச் சொன்னாள்: "போயிட்டு வரேன்டி."

"வா. வரும்போது தைலம் மூணு பாட்டில்."

வெளிநாட்டிலிருந்து வருகிறீர்களா? இதைக் கவனியுங்கள்

எங்களைப் போல யாரோ ஒருவரைப் பார்க்க நீங்களும் இந்தச் சாலைக்கு வரலாம். சில குறிப்புகள்.

* முகவரிக்கு முன்னால் ஷிஃப்ட்டைக் கேளுங்கள். சி ஷிஃப்ட்டில் இருப்பவரைக் காலை பத்து மணிக்கு எழுப்புவது, உங்களை நள்ளிரவில் எழுப்புவது போல. வார விடுமுறை எந்த நாள் என்பதையும் டிக்கெட் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

* தண்டலம் என்று மட்டும் தேடாதீர்கள். 602 105 என்ற பின்கோடோடு, அல்லது லொகேஷனை வாங்கிக்கொண்டு வாருங்கள். விமான நிலையத்திலிருந்து நேராக வருவதாக இருந்தால், பூந்தமல்லியை அடையாளமாகச் சொல்லுங்கள்.

* "சென்னைக்கு வந்திருக்கேன், நீ வந்து பாரு" என்று கூப்பிடாதீர்கள். மால் ஒன்றில் ஒரு மணி நேரம் பார்க்க, அவர்கள் ஒரு நாள் தூக்கத்தை இழக்க வேண்டியிருக்கும். லீவு போட்டால் சம்பளமும் போகும். நீங்கள் போங்கள்.

* சாக்லெட்டைவிட உபயோகமானதைக் கொண்டுபோங்கள். நின்று வேலை பார்ப்பவர்களுக்குத் தைலம், நல்ல சாக்ஸ், பகலில் தூங்குகிறவர்களுக்குக் கண்ணை மறைக்கும் துணி.

* ரூமில் மற்றவர்களும் தூங்குவார்கள். மொட்டை மாடி, திண்ணை, பக்கத்துக் கோயில் என்று பேச ஓர் இடத்தை முன்பே யோசித்துவைத்துக்கொள்ளுங்கள்.

* கடைசியாக ஒன்று. தூரத்தில் இருப்பவர்களுக்குச் சாவு வீட்டிலிருந்து வீடியோ கால் வேண்டியிருக்கும்; அது தவறில்லை. ஆனால் போனைப் பிடிக்கும் வேலையை அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, தூரத்துச் சொந்தமோ பிடிக்கட்டும். பிள்ளைகள் தங்கள் அம்மா முகத்தைக் கண்ணாலேயே பார்க்கட்டும்.